யாரும் கை வைக்காத நிலம்

கூட்டம் மூன்றாவது நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. மண்டபத்துச் சன்னல்களின் உள்பக்கம் ஆவி படிந்து வழிந்தது. வெளியே வடகனடாவின் மார்ச் மாதத்து வெயில் ஏரியின் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. சூப்புச் சட்டியில் மூன்று நாளும் தண்ணீரை ஊற்றி ஊற்றி, கரிபூ மானின் வாசனை மட்டும் மிச்சமிருந்த வெந்நீர்தான் இப்போது அதில் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. கரிபூக்கள் எங்கள் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்ட காலம் அது. வாசனையாவது கிடைத்ததே என்று குடித்தோம்.

மேசையில் செலஸ்தீன் உட்கார்ந்திருந்தாள். காதில் கருவி, முன்னால் மைக். பூங்கா இலாகாவிலிருந்து வந்த மார்கரெட் இங்கிலீஷில் சொல்வதை அவள் எங்கள் டெனே பேச்சில் சொல்ல வேண்டும். பெரியவர்கள் டெனேயில் கேட்பதை இங்கிலீஷில் திருப்ப வேண்டும். ஊரில் வேறு யாரும் அந்த வேலைக்குத் துணிவதில்லை. காலையிலிருந்து இரண்டு தரப்புப் பேச்சும் அவள் ஒருத்தி வாய் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் தாடை கழன்றுவிடும் போலிருக்கிறது என்பாள். சொன்னதை மாற்றாமல் சொல்வதில் அவளுக்கு ஒரு வீம்பு உண்டு. ஒருதடவை அவள் புருஷன் அல்போன்ஸ் எழுந்து, வந்திருந்த அதிகாரியை மண்டைக்குள் பனி உறைந்தவன் என்று வைதான். அதையும் அப்படியே இங்கிலீஷில் சொல்லி, 'சொன்னவர் என் கணவர்' என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்குத் தொல்லை கொடுத்தது ஒரே ஒரு சொல். தேசியப் பூங்கா என்பதற்கு எங்கள் பேச்சில் வார்த்தை கிடையாது. என் அப்பா காலத்தில் முதன்முதலாக இலாகாக்காரர்கள் வந்தபோது, மொழி சொன்னவர் அதை 'அரசாங்கத்து வேலி' என்றாராம். வேலி என்று காதில் விழுந்ததும் ஊரே எழுந்து வெளியே போய்விட்டதாம். அதோடு அந்தப் பேச்சு செத்தது. இப்போது நிலைமை வேறு. ஏரியின் கிழக்கே கனிமம் தேடிப் பாறைகளில் துளை போட்டுப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். பூங்கா வந்தால் அவர்கள் வர முடியாது என்று ஊரே பூங்காவைக் கேட்டு நின்றது. அதனால் வேலி என்ற சொல் நாக்கில் வந்துவிடக் கூடாது என்று செலஸ்தீன் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு வந்தாள். யாரும் கை வைக்காத நிலம். எங்கள் பேச்சில் அது ஒரே சொல், கொஞ்சம் நீளமான சொல். எல்லாருக்கும் பிடித்துப்போனது.

பின்வரிசையிலிருந்து செஃபரின் மட்டும் கேட்டார். "யாருமா?"

"ஆமா பெரியத்தான். யாருந்தான்," என்றாள் செலஸ்தீன் மைக்கில்.

செஃபரின் அல்போன்ஸின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். குளிர்காலம் முழுக்க ஏரியின் கிழக்குக் கோடியில், அப்பா இருந்த வளைகுடாவில், தன் கையால் கட்டிய மரவீட்டில் இருந்து, தோலுக்காக மிருகங்களுக்குப் பொறி வைப்பார். பனி உருகினால் தம்பி வீட்டு ஓர அறைக்கு வந்துவிடுவார். ஊரில் அதிகம் பேசாதவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் அவர் பேசாததை மற்றவர்கள் கவனிப்பார்கள். அன்றைக்கு அவர் டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். கதவோரம் இருந்த என்னிடம் வந்து பெட்ரோல் இரண்டு கேன் கேட்டார். ஊரின் பெட்ரோல் கொட்டகையும் விமானத் தரையும் என் பொறுப்பு. பொறிகளை எடுக்கப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன்.

அவர் போனபிறகு, மத்தியானத்துக்கு மேல்தான், மார்கரெட் வீடுகளைப் பற்றிச் சொன்னாள். ஏரியைச் சுற்றி உங்கள் ஆட்களுக்கு எங்கெங்கே வீடு நிற்கிறதோ அதெல்லாம் அவரவருக்கே. பிள்ளைகுட்டிகளுக்கும் அதே உரிமை உண்டு. ஏப்ரலில் விமானத்தில் வந்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வோம். அதற்குப் பிறகு புது இடத்தில் வீடு கட்ட முடியாது. செலஸ்தீன் அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். செஃபரினைத் தவிர எல்லாரும் கேட்டார்கள்.

ஏப்ரலில் ஒருநாள் விடிந்ததும் அல்போன்ஸ் என் கொட்டகைக்கு வந்தான். இடுப்பு எலும்பு தேய்ந்துபோனவன். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான்.

"மாப்ளே, ஒன் ஸ்கிடூ ஓடுதா?"

"ஓடாம என்ன. ஏன் மச்சான்?"

"அண்ணன் இன்னும் திரும்பல. ரேடியோல கூப்ட்டுக் கூப்ட்டு வாய் வலிக்கிது."

"அவரு ரேடியோவ எந்தக் காலத்துல எடுத்தாரு. அதுல ரொட்டி காய வச்சிருப்பாரு."

"வெளையாடாத. அந்தப் பொம்பள இந்த வாரம் வீடு குறிக்க வர்றா. அண்ணன் இருந்து இது என் வீடுதான்னு சொல்லணும். மொழி சொல்ல செலஸ்தீனும் வர்றா. எனக்கு இடுப்பு இருக்கிற இருப்புல தனியாப் போக முடியாது."

வேலை கிடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே பனியில் ஓடும் அந்த மோட்டார் வண்டிக்கு எண்ணெய் ஊற்றினேன். அல்போன்ஸ் கேட்டால் மறுக்க எனக்கு வராது. அது அவனுக்கும் தெரியும்.

அந்த மாதத்தில் காலையில் கிளம்பினால்தான் பயணம். இரவுக் குளிரில் பனியின் மேல்தோல் இறுகிக் கிடக்கும். வெயில் ஏறினால் அடியில் சேறாகி வண்டி அமிழ்ந்துவிடும். இரண்டு ஸ்கிடூ, பின்னால் ஒரு சறுக்குவண்டி. அதில் கூடாரம், தகர அடுப்பு, மாவு மூட்டை, அவற்றின் மேல் மான்தோலைப் போர்த்திக்கொண்டு செலஸ்தீன். ஒவ்வொரு குலுங்கலுக்கும் புருஷனை ஒரு வார்த்தை சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்காது என்பதால் தாராளமாகவே சொன்னாள்.

ஏரி ஒடுங்கும் இடத்தில் நீரோட்டம் இருப்பதால் பனி அங்கே எப்போதும் முழுக்க மூடாது. கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. வண்டியை நிறுத்தி, எங்கள் வழக்கப்படி வழி கேட்டு, அல்போன்ஸ் தண்ணீருக்குப் புகையிலை போட்டான்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க. கஞ்சத்தனத்த அதுகிட்டயுமா காட்டுறது," என்றாள் செலஸ்தீன்.

"வெலை தெரியுமா ஒனக்கு?"

"எல்லாத்துக்கும் ஒரு கணக்கு. உங்கண்ணன் முழுப் பொட்டலத்தையும் போடுவாரு."

"அவனுக்கென்ன, பெண்டாட்டி இல்ல," என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு சிட்டிகை போட்டான்.

கரையோரம் நெருப்பு மூட்டி, டீ வைத்து, உலர்கறியைக் கொழுப்பில் தொட்டுத் தின்றோம். வாடைக்காற்று முகத்தை அறுத்தது. செலஸ்தீனுக்கு மட்டும் கொஞ்சம் உற்சாகம் இருந்தது. இந்த வேலை முடிந்தால் ஒரு மாதத்துக்கு வாயைத் திறக்கப் போவதில்லை என்றாள். பார்ப்போம் என்றான் அல்போன்ஸ்.

முனையைச் சுற்றி வளைகுடாவுக்குள் திரும்பியதும் அல்போன்ஸ் வண்டியை நிறுத்திவிட்டான். வழி தவறிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது. கரை அதே கரை. அவர்கள் அப்பா அம்மாவின் கல்லறைச் சிலுவைகள் மேட்டில் அப்படியே நின்றன. வீட்டைத்தான் காணோம். பனியில் கறுப்பாக ஒரு சதுரம் கிடந்தது. அதன் நடுவே இரும்பு அடுப்பு ஒன்று தன்னந்தனியாக நின்றது. சற்றுத் தள்ளிக் கூடாரமும், புகையும், பக்கத்தில் செஃபரினும்.

"வாங்க," என்றார் அவர். "டீ கொதிக்கிது. மீன் தலை வேகுது."

அல்போன்ஸ் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. "வீடு எங்கண்ணே?"

"அனுப்பிட்டேன்."

"எங்க அனுப்பின?"

"என்னடா கேள்வி இது. அப்பா போனப்ப அவரு சாமானயெல்லாம் எங்க அனுப்பினோம்?"

இறந்தவரின் பொருளை அடுத்தவர் கை படாமல் எரித்துவிடுவது எங்கள் வழக்கம். செத்தது யார் என்று ஒரு கணம் யோசித்துவிட்டேன்.

செலஸ்தீன் மான்தோலை உதறிவிட்டு இறங்கி வந்தாள். "பெரியத்தான், என்ன சொல்றீங்க? நீங்களே கொளுத்தினீங்களா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

"ஏன்?"

"நீதானம்மா சொன்ன. யாரும் கை வைக்காத நிலம்னு. நான் மறுபடியும் கேட்டேன், யாருமான்னு. யாருந்தான்னே."

"அது துளை போடுற கம்பெனிக்காரனுக்குச் சொன்னது."

"கம்பெனிக்காரன்னு நீ சொல்லல. யாரும்னே. அதுல நானும் உண்டுல்ல." அவர் குரலில் கோபம் இல்லை. சட்டியில் மீன் தலையைத் திருப்பிப் போட்டார். "இந்த வீட்டுல ஒவ்வொரு கட்டையும் என் கை. கை வைக்கக் கூடாத நிலத்துல அது எப்பிடி நிக்கும்? நாளைக்கி எவனாவது தொப்பி போட்டவன் வந்து பிரிச்சு எறிவான். அம்மா அடுப்ப உதைச்சுத் தள்ளுவான். அதுக்கு நானே மரியாதையா அனுப்பிட்டேன். நெருப்புக்கு மொதல்ல கொழுப்பு போட்டேன். கறி போட்டேன். நல்லா எரிஞ்சிது. எந்தப் பக்கமும் சாயல."

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமேண்ணே," என்றான் அல்போன்ஸ்.

"கேட்டு? நீ வேணாம்பே. ஊர் பூராவும் அது வேணும்னு உக்காந்திருக்கு. துளைக்காரன் வராம இருக்கணும்னா நானும் போகணும்போலன்னு நெனச்சேன். எனக்கு வயசாச்சு. பெரிய நஷ்டம் ஒண்ணுமில்ல."

செலஸ்தீன் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலி என்ற சொல்லுக்குப் பயந்து தேடித் தேடி எடுத்த சொல் அது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் கோப்பைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

நிற்கிற வீடுகள் அவரவருக்கே என்று மார்கரெட் சொன்னதை அல்போன்ஸ்தான் அண்ணனுக்குச் சொன்னான். செஃபரின் கேட்டுக்கொண்டார்.

"அத எப்ப சொன்னா?"

"நீங்க எழுந்து போனப்புறம்," என்றாள் செலஸ்தீன் தரையைப் பார்த்தபடி.

"ம்." அவர் வளைகுடாவைப் பார்த்தார். பிறகு கோப்பையை அவளிடம் நீட்டினார். "டீ ஆறுது."

அடுத்த நாள் காலை அல்போன்ஸுக்கு வெறி பிடித்துவிட்டது. விமானம் வருவதற்குள் வீடு என்று சொல்லும்படி ஏதாவது நின்றாக வேண்டும் என்றான். எரிந்த இடத்தில் கட்டக் கூடாது என்று செஃபரின் சொல்லிவிட்டார். சரி, இருபது அடி தள்ளிக் கட்டுகிறேன் என்று மரம் அறுக்கும் செயின்சாவை எடுத்தான். பச்சை ஸ்ப்ரூஸ் மரம் ஈயம் மாதிரி கனக்கும். அவன் வெட்ட, நான் கயிறு கட்டி வண்டியில் இழுக்க, செலஸ்தீன் பட்டை உரித்தாள். கையெல்லாம் பிசின். தொடையளவு பனியில் இறங்கி ஏறி, ஒரு கட்டைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினோம். அல்போன்ஸ் ஒவ்வொரு கட்டையும் தூக்கும்போது பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது.

செஃபரின் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னடா, நாய்க்கூண்டா?"

"வீடு," என்றான் அல்போன்ஸ்.

"நாயே உள்ள போக யோசிக்கும்."

"நீ ஒரு கை கொடுத்தா ஒழுங்கா நிக்கும்."

"நான் எதுக்கு. நான் அனுப்பி வச்சுட்டு உக்காந்திருக்கேன். நீ திரும்பக் கூப்புடுற."

"ஆமா, கூப்புடுறேன். நீ இங்க இல்லாம ஊர்ல என் வீட்டு ஓரத்துல வருஷம் பூராவும் உக்காந்து சுவத்தப் பாத்துட்டிருப்ப. அதப் பாத்துட்டு எனக்கு இருக்க முடியாது."

செஃபரின் எழுந்து போய் வலையிலிருந்து மீன் எடுத்து வந்து எங்களுக்குச் சமைத்தார். சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. அதற்கு மேல் எங்கள் மூவருக்கும் தெம்பில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விமானச் சத்தம் கேட்டது.

மார்கரெட் நல்ல மனுஷி. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூக்குத் தோல் வெயிலில் உரிந்து, கண்ணுக்கடியில் கறுத்து, எங்களைவிடக் களைத்துப்போய் இறங்கினாள். ஏரியைச் சுற்றி எல்லா வளைகுடாவிலும் இறங்கி ஏறி வந்திருக்கிறாள். முதலில் கறுப்புச் சதுரத்தைப் பார்த்தாள். பிறகு முழங்கால் உயரச் சுவரைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"ஐயோ, எப்போது நடந்தது?" என்றாள். பிறகு செலஸ்தீன் பக்கம் திரும்பினாள். "இவரிடம் கேளுங்கள். தானாகத் தீப்பிடித்ததா? அப்படியென்றால் கவலையில்லை. புயலோ தீயோ கொண்டுபோன வீட்டை நிற்கிற வீடாகவே எடுத்துக்கொள்வோம். உரிமைக்காரரே கலைத்துவிட்டால்தான் அது கைவிட்ட இடமாகிவிடும். அந்த விதியை நான் மாற்ற முடியாது."

செலஸ்தீன் அதை அப்படியே செஃபரினிடம் சொன்னாள். எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

செஃபரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அவங்ககிட்ட சொல்லு. நான்தான் கொளுத்தினேன். வெறும் கோபத்துல இல்ல. இந்த இடத்துல எங்கப்பா இருந்தாரு, நான் இருந்தேன். இனிமே யாரும் இருக்கக் கூடாதுன்னு கேள்விப்பட்டேன். அதான் செய்ய வேண்டிய மொறையில செஞ்சேன். அவங்க கொடுத்த வாக்க நம்பித்தான் செஞ்சேன்னு சொல்லு."

செலஸ்தீன் மார்கரெட் பக்கம் திரும்பினாள். அவள் வாய் திறந்து, ஒருமுறை மூடியது.

"அடுப்புக் குழாய்," என்றாள் இங்கிலீஷில். "பொறி பறந்து கூரையில் பிடித்துவிட்டது."

இத்தனை வருஷத்தில் அவள் ஒருவர் பேச்சை மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. அல்போன்ஸ் தன் காலணியைப் பார்த்தான். மார்கரெட்டுக்குப் பெருமூச்சு வந்தது. இடம் காட்டும் கருவியை வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டாள். செஃபரின் கையைப் பிடித்துக் குலுக்கி, எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள், இது உங்களுடையது என்றாள். அல்போன்ஸையும் என்னையும் பார்த்துச் சிரித்துவிட்டு விமானத்தில் ஏறிப் போய்விட்டாள்.

செஃபரினுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கடையில் சாமான் வாங்குகிற யாருக்கும் அடுப்பும் குழாயும் தெரியும்.

"குழாயா?" என்றார்.

"ஆமா, பெரியத்தான்."

"நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து தீ மூட்டுறேன். ஒரு பொறியக்கூட தப்ப விட்டதில்ல."

"தெரியும்."

"இனிமே என் பேரு அதுவா இருக்கும்."

"இடம் இருக்குல்ல. உங்க இடம் உங்களுக்கு இருக்குல்ல," என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கூடாரத்தைப் பிரிக்கப் போனார். அம்மாவின் அடுப்பை மட்டும் எடுக்கவில்லை. எரிந்த இடத்திலேயே விட்டுவிட்டு எங்களோடு ஊருக்கு வந்தார்.

அவர் சொன்னபடிதான் ஆனது. மார்கரெட்டோ விமானியோ யாரிடமோ சொல்ல, ஒரு வாரத்தில் செய்தி பரவிவிட்டது. செஃபரின் அடுப்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் வீட்டை எரித்துக்கொண்டார். காட்டில் இருக்கிற மனுஷனுக்கு இதைவிடக் கேவலம் இல்லை. குடிகாரன் என்றாலும் மன்னிப்பார்கள். கடைத்தெருப் பயல்களுக்கு நல்ல தீனி.

"பெரியவரே, வத்திப்பெட்டி வேணுமா, இல்ல ஒரு வாளித் தண்ணியும் சேத்துக் கட்டவா?"

அவர் வத்திப்பெட்டியை வாங்கிக்கொண்டு சும்மா வருவார். மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. பனி உடைந்து ஏரி திறந்தது. எல்லாரும் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். அவர் தள்ளவில்லை. தம்பி வீட்டு ஓர அறையில் உட்கார்ந்து வலை தைத்தார். ஊர்க் கண்ணில் படாமல் இருப்பதற்காகத்தான் தைக்கிறார் என்று எனக்குப் பட்டது, ஏனென்றால் அந்த வலையில் கிழிசலே கிடையாது.

ஜூலையில் கரையில் மீன் பிளந்து காய வைக்கும்போது நானும் கூட இருந்தேன். செலஸ்தீன் கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஊர்ல சொல்லிடட்டுமா?" என்றாள்.

"சொன்னா அது அந்தப் பொம்பள காதுக்குப் போவும்," என்றான் அல்போன்ஸ். "இடம் போயிடும்."

"சொல்லலன்னா ஆளு போயிடுவாரு. ராத்திரிச் சாப்பாட்டப் பாதியில வச்சுட்டு எழுந்துக்கிறாரு, பாக்குறீங்களா இல்லையா?"

"பாக்குறேன்."

"என் ஒரு சொல்லால வீடு போச்சு. இன்னொரு சொல்லால மானம் போச்சு. இனி வாயத் தெறக்கவே பயமா இருக்கு எனக்கு."

அல்போன்ஸ் மீனைக் கம்பில் தொங்கவிட்டான். ஈயை விரட்டிக்கொண்டு மறுபடி வேலையைப் பார்த்தோம்.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி கூட்டம். இதுதான் கடைசி, இதற்குப் பிறகு ஊர்த் தலைவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றார்கள். சட்டியில் இந்தத் தடவை நிஜமாகவே மீன் இருந்தது. மண்டபம் நிரம்பிவிட்டது. அல்போன்ஸ் எப்படியோ கெஞ்சி அண்ணனையும் கூட்டி வந்திருந்தான். அவர் கடைசி பெஞ்சில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார்.

மார்கரெட் பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள். ஏரி நீலமாக இருந்தது. கரையெங்கும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கிழக்குக் கோடியிலும் ஒரு புள்ளி. பூங்கா வந்தாலும் நீங்கள் எல்லாரும் உங்கள் இடத்திலேயே இருப்பீர்கள், இந்தப் புள்ளிகள்தான் அதற்குச் சாட்சி என்றாள். பிறகு நல்ல மனசோடு ஒரு உதாரணமும் சொன்னாள்.

"இதோ செஃபரினையே பாருங்கள். அவருடைய அடுப்புக் குழாயிலிருந்து பொறி பறந்து வீடு எரிந்துவிட்டது. அப்படியிருந்தும் அவர் இடம் அவருக்கே இருக்கிறது."

இங்கிலீஷ் தெரிந்த பயல்கள் உடனே சிரித்தார்கள். பெரியவர்கள் செலஸ்தீனைப் பார்த்தார்கள். அவள் சொன்னால்தான் அவர்களுக்கு விளங்கும்.

சொல்ல வேண்டியது அவள்தான். அவள் இங்கிலீஷில் சொன்ன பொய் சுற்றிக்கொண்டு வந்து, டெனேயில் ஊர் முன்னால் சொல்லச் சொல்லி அவள் காதிலேயே விழுந்திருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அல்போன்ஸ் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, பிறகு மெல்லத் தலையாட்டினான்.

செலஸ்தீன் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இவங்க சொன்னத நான் சொல்லப் போறதில்ல," என்றாள் எங்கள் பேச்சில். "பெரியத்தான் வீடு தானா எரியல. அவரே அனுப்பி வச்சாரு. நான் யாரும்னு சொன்னேன். அவரு யாருமான்னு கேட்டாரு. நீங்களும் கேட்டீங்க. நான் யாருந்தான்னேன். தன்னையும் சேத்துத்தான்னு அவரு எடுத்துக்கிட்டாரு. நம்ம எல்லாருக்கும் இந்தப் பூங்கா கெடைக்கட்டும்னு தன் வீட்டக் கொழுப்பு போட்டு, கறி போட்டு, மொறையா எரிச்சாரு. அடுப்புங்கறது நான் கட்டின பொய். இடத்தக் காப்பாத்தக் கட்டினேன். மாசக்கணக்கா அவரு அத வாங்கிக்கிட்டு வாயத் தெறக்கல. கடைத்தெருவுல சிரிச்ச பயலுங்க கேட்டுக்கங்க. ஒரு பொறிகூட அவரு கையத் தாண்டினதில்ல."

சிரித்த பயல்கள் மேசையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு இங்கிலீஷும் தெரியும், இதில் எது வெளியே போகக் கூடாது என்பதும் தெரியும்.

முன்வரிசையில் இருந்த இசிடோர் கிழவர் தொண்டையைச் செருமினார். "யாரும்னு கேட்டதும் நானும் கெழக்குப் பக்கத்து வலைய எடுத்து மடிச்சு வச்சுட்டேன்," என்றார். "வெக்கமா இருந்துது. யார்கிட்டயும் சொல்லல."

"நாங்க பழம் பறிக்கவே போகல இந்த வருஷம்," என்றாள் ஒரு பெண்.

"தப்பு என்மேல," என்றாள் செலஸ்தீன். "வலைய விரிங்க. பழம் பறிங்க. அது துளைக்காரன் கை வைக்காத நிலம். நம்ம கை வைக்கிற நிலம். வேற சொல்லு எனக்கு இன்னும் கெடைக்கல."

மார்கரெட் ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பேனா அப்படியே இருந்தது.

"நான் இரண்டு வரிதானே சொன்னேன்," என்றாள் தயங்கி. "நீங்கள் இவ்வளவு நேரம் பேசினீர்கள். ஏதாவது பிரச்சினையா?"

செலஸ்தீன் மைக்கைப் பிடித்தபடி இருந்தாள். இனி ஒரு பொய் சொல்லவும் முடியாது, உண்மையைச் சொன்னால் அந்தச் சிவப்புப் புள்ளியும் மிஞ்சாது.

கடைசி பெஞ்சிலிருந்து செஃபரின் குரல் வந்தது. கோடை முழுக்க ஊர் கேட்காத குரல்.

"சின்னதா சொல்லிடும்மா," என்றார் எங்கள் பேச்சில். "நம்மாளுங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுல்ல, அது போதும். அவங்களுக்கு அடுப்பே இருந்துட்டுப் போகட்டும்."

செலஸ்தீன் காதுக் கருவியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அடுப்புக் குழாயைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி எல்லாருக்கும் சொன்னேன்," என்றாள் இங்கிலீஷில்.

"நல்ல யோசனை," என்று மார்கரெட் தலையாட்டினாள்.

இந்தத் தடவை பயல்கள் சிரிக்கவில்லை. செஃபரின் மட்டும் சிரித்தார்.